கடைத்தீவனத்தை நிறுத்தியதும் முட்டை பாதியாகிவிட்டது: கோழிக்கும் ஆட்டுக்கும் சொந்தத் தீவனம் எப்படி?

வேலியோரம் எழுதியது:

வணக்கம். 20 பெட்டைக் கோழி, 2 சேவல், 6 வெள்ளாடு இருக்கின்றன. ஆடுகளில் இரண்டு பால் கொடுப்பவை, இரண்டு சினை, இரண்டு கிடாக்குட்டி. மூன்று வாரத்துக்கு முன் கடையில் வாங்கும் குச்சித் தீவனத்தை நிறுத்தியாயிற்று.

இப்போது கோழிக்கு உடைத்த மக்காச்சோளம், கம்பு, அரிசித் தவிடு, கூடவே தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா. அசோலாத் தொட்டி ஒன்றில் தினமும் அரைக் கிலோ வருகிறது. ஆட்டுக்குக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், வேலியிலுள்ள கிளைரிசிடியா, அகத்தி.

முட்டை நாளுக்கு 13, 14 வந்தது இப்போது 6. வாரத்துக்கு மூன்று நான்கு ஓடில்லாத தோல்முட்டை. ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்கின்றன. ஆடுகள் கிளைரிசிடியாவை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

என் கேள்விகள்: தானியமும் அசோலாவும் போதாதா? புரதத்துக்கு வேறு எது? ஆட்டுக்குத் தானியமும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனமே இல்லாமல் தழையில் ஓட்ட முடியுமா? கோடையில் பச்சை காய்ந்துபோனால் என்ன செய்வது? தானியம், புண்ணாக்கு வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. மூட்டையில் என்ன இருக்கிறதென்றே தெரியாத கலவையைத்தான் தவிர்க்கப் பார்க்கிறேன்.

---

கொத்துத்தீனி எழுதியது:

கோழிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஆட்டைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

உங்கள் கோழிகளுக்குப் புரதம் போதவில்லை. சுண்ணாம்புச்சத்து அநேகமாகக் கிடைக்கவே இல்லை. இறகு தின்பதும் புரதக் குறையோடு சேர்ந்து வருவதுதான். இருந்தாலும் ஒரு கோழியைத் தூக்கி ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பேன் இருந்தால் தீவனத்தை எவ்வளவு மாற்றினாலும் பிடுங்கல் நிற்காது.

கணக்கைப் பார்ப்போம். முட்டையிடும் பெட்டை நாளைக்கு 100 முதல் 110 கிராம் தின்னும். அதில் 16% புரதம் வேண்டும், அதாவது ஏறக்குறைய 17 கிராம். மக்காச்சோளத்தில் 9%, கம்பில் 11%, தவிட்டில் 12%. இந்த மூன்றையும் எப்படிக் கலந்தாலும் 11 சதவீதத்தைத் தாண்டாது. வயிறு நிறையத் தின்றாலும் 12 கிராம்தான் உள்ளே போகிறது. மீதி 5 கிராமுக்குக் கோழி முட்டையைக் குறைத்துக்கொள்கிறது.

அசோலாவில் 25% புரதம் என்று எல்லோரும் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது காய்ந்த அசோலாவுக்கு உள்ள கணக்கு. பச்சை அசோலாவில் 93, 94 பங்கு தண்ணீர். உங்கள் 500 கிராமைக் காயவைத்தால் 30 முதல் 35 கிராம் மிஞ்சும். அதில் புரதம் 8 கிராம். 20 கோழிக்கு அதைப் பங்குபோட்டால் தலைக்கு அரை கிராம் கூடத் தேறாது. ஒரு தொட்டி அசோலா அரைக் கோழியின் புரதத் தேவைக்குத்தான் காணும். தொட்டியை எடுத்துவிடச் சொல்லவில்லை. மஞ்சள் கரு நிறத்துக்கும் வைட்டமின் ஏ-வுக்கும் அது நல்லது. புரதத்துக்கு அதை நம்பாதீர்கள், அவ்வளவுதான். எந்தப் பச்சையைப் பற்றி யார் சொன்னாலும் உலர் எடை எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

10 கிலோவுக்கு இந்தக் கலவை சரியாக வரும்:

மக்காச்சோளம் அல்லது கம்பு, இரண்டும் கலந்தும் – 6 கிலோ
அரிசித் தவிடு – 1.5 கிலோ
கடலைப் புண்ணாக்கு – 1 கிலோ
எள்ளுப் புண்ணாக்கு – 600 கிராம்
உப்புப் போடாத கருவாட்டுத் தூள் – 400 கிராம்
நிழலில் காய்ந்த முருங்கை இலைத் தூள் – 500 கிராம்
உப்பு – 25 கிராம்

இதில் புரதம் 16.5 சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கும். புண்ணாக்கு ஒரே வகையாக இல்லாமல் இரண்டு வகை போட்டதற்குக் காரணம் உண்டு. தானியத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் புரதத்தின் உட்கூறுகளான லைசின், மெத்தியோனின் இரண்டுமே குறைவு. எள்ளில் மெத்தியோனின் நிறைய, லைசின் குறைவு. மீனில் இரண்டும் உண்டு. கடலைப் புண்ணாக்கை மட்டும் இரட்டிப்பாகப் போட்டால் புரத சதவீதம் ஏறும், முட்டை ஏறாது.

கருவாடு உப்புப் போட்டதாகத்தான் கிடைக்கும் என்றால் மேலே சொன்ன 25 கிராம் உப்பை விட்டுவிடுங்கள். உப்பு மிஞ்சினால் எச்சம் தண்ணீராகப் போகும், தரை ஈரமாகும். அந்த நேரத்தில் குடிதண்ணீரும் தீர்ந்துபோனால் கோழி செத்தே போகும். கருவாடு 5 சதவீதத்துக்கு மேல் போகவேண்டாம், முட்டையில் மீன் வாடை வரும்.

கொடுக்கும் விதமும் முக்கியம். எல்லாவற்றையும் கலந்து உலர்வாகக் கொட்டினால் மக்காச்சோளத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தூளைக் கிளறிக் கொட்டிவிடும். 6 கிலோ தானியத்தில் 4 கிலோவைத் தனியே எடுத்துவையுங்கள். மீதி 6 கிலோவைத் தூளாகக் கலந்துகொள்ளுங்கள். காலையில் தலைக்கு 65 கிராம் தூள், மாலையில் 45 கிராம் தானியம். காலைத் தூளில் தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். கூழாகிவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவுதான் வையுங்கள், மிச்சம் இருந்தால் புளித்துவிடும். மாலைத் தானியம் இரவு முழுக்க இரைப்பையில் இருந்து மெல்ல இறங்கும். முழுத் தானியம் தின்கிற கோழிக்கு அரைவைக்கல் வேண்டும். வெளியே மேய்ந்தால் தானே பொறுக்கும், அடைத்து வளர்த்தால் 2, 3 மில்லிமீட்டர் சன்னக்கல்லை ஒரு தட்டில் வையுங்கள்.

தோல்முட்டைக்குக் கிளிஞ்சல். கலவையில் சேர்க்காமல் தனித் தட்டில், 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டாக, மாலையில் கிடைக்கும்படி வைக்க வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. மாவாக அரைத்த சுண்ணாம்பு அதற்குள் குடலைத் தாண்டிப் போய்விடும். துண்டுக் கிளிஞ்சல் அரைவைப்பையில் கிடந்து விடிய விடியக் கரையும். ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எனவே முட்டையிடும் கோழி நாளைக்கு 6, 7 கிராம் கிளிஞ்சல் தின்பதில் ஆச்சரியமில்லை. கலவையிலேயே போட்டுவிட்டால் சேவலும் வளரும் குஞ்சும் வேண்டாத கால்சியத்தைத் தின்று சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளும்.

இந்தக் கலவைக்கும் ஒரேயடியாக மாறாதீர்கள். கால் பங்கு கால் பங்காக ஏற்றி 8, 10 நாளில் முழுதாக மாற்றுங்கள். முட்டை உடனே ஏறாது, இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஏறாவிட்டால் பகல் வெளிச்சம் 14 மணி நேரம் கிடைக்கிறதா, இறகுதிர்ப்புக் காலமா என்று பாருங்கள்.

இன்னொன்று. 22 உருப்படிக்கு நாளைக்கு ஏறத்தாழ 2.4 கிலோ என்றால் ஆண்டுக்கு 880 கிலோ தீவனம். அதில் தானியம் மட்டும் 500 கிலோவுக்கு மேல். அதை எங்கே சேமிக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

---

தழைக்கட்டு எழுதியது:

ஆட்டுக் கணக்கும் உலர் எடையில்தான். 30 கிலோ ஆடு நாளைக்கு 1 முதல் 1.2 கிலோ உலர் பொருள் தின்னும், பால் ஆடு இன்னும் கூட. பசுந்தீவனத்தில் நாலில் ஒரு பங்குதான் உலர் பொருள் என்பதால் தலைக்கு 4 முதல் 5 கிலோ பச்சை. கழித்துத் தள்ளுவதையும் சேர்த்து உங்கள் ஆறு ஆட்டுக்கு நாளைக்கு 30 கிலோ வெட்ட வேண்டியிருக்கும்.

எந்த விகிதம்? ஒட்டுப்புல்லை 45 நாளுக்கு ஒருமுறை வெட்டினால் 9% புரதம் இருக்கும். நாள் தள்ளத் தள்ள தண்டு கட்டையாகிப் புரதம் இறங்கும். மரத்தழைகளில் 20 சதவீதத்துக்கு மேல் உண்டு. உலர் எடையில் இரண்டு பங்கு புல், ஒரு பங்கு தழை என்றால் 13% வருகிறது. பால் ஆட்டுக்கும் வளரும் குட்டிக்கும் அது போதும். அதே ஒரு பங்கு தழையை 4% புரதம் உள்ள சோளத்தட்டையோடு கொடுத்தால் 9, 10 சதவீதம்தான். ஆடு பிழைத்துக் கிடக்கும், பால் கறக்காது. 7 சதவீதத்துக்குக் கீழே போனால் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும். அப்போது தட்டையைச் செரிக்கவே முடியாமல், தீனி முன்னால் கிடக்கும்போதே ஆடு மெலியும்.

அடர்தீவனம் இல்லாமல் முடியுமா? சும்மா இருக்கிற பெட்டைக்கும் கிடாவுக்கும் தாராளமாக முடியும். சினையின் கடைசி ஆறு வாரத்தில் மட்டும் முடியாது. வயிற்றில் இரண்டு குட்டி இருந்தால் தழையை அடைக்கவே உள்ளே இடம் இருக்காது. சக்தி போதாமல் உடம்பிலுள்ள கொழுப்பைக் கரைத்துக் கரைத்து ஆடு தீனியை விட்டுப் படுத்துவிடும். அந்த ஆறு வாரம் நாளைக்கு 200 முதல் 250 கிராம், கறக்கும்போது லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் கொடுங்கள். 10 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளமோ கம்போ 4 கிலோ, தவிடு 2.5, கடலைப் புண்ணாக்கு 2, பருப்புப் பொட்டு 1.2, தாது உப்புக் கலவை 200 கிராம், உப்பு 100 கிராம். மாவாக அரைக்க வேண்டாம், உடைத்தால் போதும்.

கிடாக்குட்டிகளுக்கு இதைத் தொடர்ந்து போடாதீர்கள். தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் மிஞ்சினால் கிடாவுக்குச் சிறுநீர்க்கல் வரும், காயடித்ததற்கு இன்னும் சீக்கிரம். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலே மருத்துவரைக் கூப்பிட்டுவிட வேண்டும், மறுநாள் வரை பார்க்கக் கூடாது.

கிளைரிசிடியாவைப் பற்றி. பச்சையாக இருக்கும்போது அதன் வாசனை பழகாத ஆட்டுக்குப் பிடிக்காது. வெட்டி ஒரு நாள் நிழலில் வாடவிடுங்கள், வாசனை அடங்கும். முதல் வாரம் அவற்றுக்குப் பிடித்த தழையோடு கால் பங்கு கலந்து, மேலே உப்புத் தண்ணீர் தெளித்துக் கட்டுங்கள். ஒரு ஆடு வாய் வைத்துவிட்டால் மற்றவை தானே வரும். வாடவிடும்போது குவித்து வைக்காதீர்கள், பரப்புங்கள். குவியலில் சூடேறிப் பூசணம் பிடித்தால் இலையிலுள்ள கூமரின் என்ற பொருள் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளாக மாறும்.

அகத்தியை மொட்டை அடிக்காதீர்கள். தீவனத்துக்கு வளர்க்கும் வேலிமசாலும் சூபாபுல்லும் எத்தனை முறை வெட்டினாலும் துளிர்க்கும், அகத்தி அப்படியல்ல. நடுத்தண்டை விட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் கழியுங்கள், மரத்தில் கொஞ்சம் இலை எப்போதும் நிற்கட்டும். முழுதாக வெட்டிய அகத்தி இரண்டாம் மூன்றாம் வெட்டிலேயே பட்டுப்போகும்.

தழையைத் தரையில் போடவே கூடாது. ஆட்டின் தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு முறை மிதித்த தழையை அது திரும்ப முகரக்கூட மாட்டாது. அதோடு குடற்புழுவின் இளம்புழுக்கள் புல்லின் அடிப்பகுதியில் தரையை ஒட்டித்தான் இருக்கும், மேலே கடித்துத் தின்கிற ஆட்டுக்குப் புழுத்தொல்லை குறைவு. புல்லைத் தரைமட்டம் வரை மேயவிட்டால் இரத்தம் உறிஞ்சும் புழு ஏறும். கீழ் இமையை மடக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் தீவனம் மட்டும் போதாது.

---

நாலுகட்டு எழுதியது:

நல்ல பதில்கள். ஆனால் முளைகட்டிய தீவனத்தை யாரும் சொல்லவில்லையே? தட்டில் வளர்த்தால் 1 கிலோ மக்காச்சோளத்துக்கு 8 நாளில் 6 கிலோ பச்சை கிடைக்கிறது. கோழி, ஆடு இரண்டுக்கும் ஆகும்.

---

கொத்துத்தீனி எழுதியது:

6 கிலோ வருவது உண்மைதான். ஏறியதெல்லாம் தண்ணீர். 1 கிலோ மக்காச்சோளத்தில் உலர் பொருள் 880 கிராம். முளைத்தீவனத்தில் 12, 13 சதவீதம் என்றால் 6 கிலோவில் 720 முதல் 780 கிராம்தான். நூறு கிராமுக்கு மேல் விதை மூச்சுவிட்டே தீர்ந்துபோயிற்று. போட்ட தானியத்தை விடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைக்கிறது. எட்டு நாள் வேலை, பூசணப் பயம் வேறு.

பச்சையே இல்லாத மாதத்தில் கோழிக்கு வைட்டமினுக்காகத் தலைக்கு 20, 30 கிராம் என்றால் நான் மறுக்க மாட்டேன். வெள்ளைச் சோளத்திலும் கம்பிலும் வைட்டமின் ஏ-வாக மாறும் சத்து இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு, ஏதோ ஒரு பச்சை வேண்டும்தான். அதற்கு எட்டு நாள் வளர்க்க வேண்டாம். தானியத்தை 12 மணி நேரம் ஊறவைத்து வடித்து, இரண்டு மூன்று நாளில் முளை அரை விரல் வந்ததும் கொடுத்துவிடலாம். அலசும்போது புளித்த வாடையோ வெள்ளை நூலோ தெரிந்தால் தட்டோடு குப்பைக்கு.

---

கசாயம் எழுதியது:

சுருக்கமாக ஓர் எச்சரிக்கை. கோழியும் ஆடும் ஒரே வளாகத்தில் இருப்பதால் சொல்கிறேன்.

கிளைரிசிடியா, அகத்தி இரண்டும் கோழிக்கு வேண்டாம். கிளைரிசிடியா என்ற லத்தீன் பெயருக்கே எலிக்கொல்லி என்று பொருள். அசைபோடும் பிராணி தாங்கும், கோழி தாங்காது. சூபாபுல் இலைத்தூள் கோழிக்கு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆட்டுக்கும் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். அதிலுள்ள மிமோசின் மிஞ்சினால் மயிர் கொட்டும், கழுத்தில் தைராய்டு வீங்கும். 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆடுகளின் பெருவயிற்றில் இந்த நஞ்சை முறிக்கும் பாக்டீரியா இருப்பதைக் கண்டுபிடித்து ஆஸ்திரேலிய மாடுகளுக்கு ஊட்டினார்கள். உங்கள் ஆட்டின் வயிற்றில் அது இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது.

இளஞ்சோளத்தைப் பூக்கும் முன் வெட்டாதீர்கள். வாடி நின்று மழைக்குப் பின் துளிர்த்த சோளம் இன்னும் மோசம். சயனைடு ஏறியிருக்கும், சில நிமிடத்தில் ஆடு சாயும். மரவள்ளி இலையும் அப்படித்தான், நறுக்கி நன்றாக உலர்த்திய பிறகே கொடுக்க வேண்டும். சீமைக்கருவேலங்காய் நல்ல தீனி. ஆனால் இடித்துப் போட்டு மொத்தத்தில் கால் பங்குக்குள் வையுங்கள். மாதக்கணக்கில் அது ஒன்றையே தின்ற ஆட்டுக்குத் தாடைத் தசை செயலிழந்து வாய் ஒரு பக்கம் கோணும். தின்ற தீனி வாயிலிருந்து ஒழுகும்.

கோழித்தீவன அறைக்குக் கட்டாயம் தாழ்ப்பாள் வேண்டும். ஆடு உள்ளே புகுந்து இரண்டு கிலோ தானியம் தின்றால் பெருவயிறு புளித்து அமிலமாகி ஒரு நாளில் இறக்கும்.

---

வேலியோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அசோலாக் கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். கருவாட்டுக்குப் பதில் புழு வளர்க்கலாமா? அடுத்த மாதம் அடைவைக்கிறேன், குஞ்சுக்கு என்ன கலவை? கடலைப் புண்ணாக்கில் பூசணம் வரும் என்கிறார்களே, எப்படித் தெரிந்துகொள்வது?

---

புழுத்தொட்டி எழுதியது:

தாராளமாக வளர்க்கலாம். பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, சுருக்கமாக பி.எஸ்.எஃப். 100 கிராம் பச்சைப் புழுவில் 35 முதல் 40 கிராம் உலர் பொருள், அதில் 40% புரதம். அதாவது 14, 15 கிராம். 100 கிராம் அசோலாவில் ஒன்றரை கிராம். பத்து மடங்கு வித்தியாசம்.

50 லிட்டர் தொட்டி போதும். அடியில் துளையிட்டுக் கீழே ஒரு தட்டு வையுங்கள், நீர் வடிய வேண்டும். அடியில் ஒரு சாண் காய்ந்த சருகு அல்லது மரத்தூள். அதன் மேல் காய்கறிக் கழிவு, பழத்தோல், ஊறிப் புளித்த தவிடு. புளித்த தானிய வாடைக்கு ஈ தானே வரும். தொட்டியின் மேல் விளிம்பில் நெளிவு அட்டைத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிடுங்கள், ஈ ஈரத்தில் முட்டையிடாது, அந்த அட்டை இடுக்கில்தான் இடும். நாலு நாளில் பொரியும், இரண்டு மூன்று வாரத்தில் புழு பருக்கும். முற்றியது கறுத்துவிடும், தானாகவே வெளியேறி உலர்ந்த இடம் தேடும். 35, 40 பாகைச் சரிவில் ஒரு பலகையைத் தொட்டியிலிருந்து வெளியே சாய்த்து, அதன் நுனியில் வாளி வைத்தால் இரவோடு இரவாக ஏறி வாளியில் விழும். காலையில் அப்படியே கோழிக்குக் கொட்டலாம்.

தவறு நடக்கும் இடம் ஒன்றுதான்: அதிகம் கொட்டுவது. ஒரு நாளில் தின்று தீர்க்கும் அளவுதான் போட வேண்டும். மிஞ்சினால் அடியில் காற்று போகாமல் அழுகி நாறும், பருக்காத புழுவெல்லாம் ஏறி ஓடும். அப்படி ஓடினால் மூன்று நாள் எதுவும் போடாமல் உலர்ந்த சருகைக் கலந்து கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது.

வீட்டு ஈப் புழு வெள்ளையாக, வழவழப்பாக, ஒரு பக்கம் கூராக இருக்கும். இது தட்டையாக, வரிவரியாக, மங்கிய பழுப்பாக, தொட்டால் முரட்டுத்தோலாக இருக்கும். கலந்திருந்தால் பதறவேண்டாம், இது பெருகினால் அது குறைந்துவிடும். ஆனால் செத்த கோழி, எலி, இறைச்சி எதையும் தொட்டியில் போடவே கூடாது. அழுகும் பிணத்தில் உண்டாகும் பொட்டுலிசம் நஞ்சைப் புழு தாங்கிக்கொள்ளும், அதைத் தின்ற கோழி தாங்காது. கழுத்து துவண்டு தொங்கி, இறக்கை விழுந்து, இரண்டு நாளில் சாகும்.

கோழிக்குத் தலைக்கு 20 கிராம் பச்சைப் புழு, 20 கோழிக்கு 400 கிராம். அதற்கு ஏறத்தாழ 2.5 முதல் 3 கிலோ கழிவு தினமும் வேண்டும். அவ்வளவு கழிவு உங்களிடம் இல்லையென்றால் கருவாட்டைப் பாதியாகக் குறைத்து மீதிக்குப் புழு கொடுங்கள்.

குஞ்சுக்குக் கரையான் நல்லது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு அடைத்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். வெயில் ஏறுமுன் எடுத்துக் குஞ்சுக்கு முன்னால் உதறினால் போதும். வெயில் வந்துவிட்டால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

---

கொத்துத்தீனி எழுதியது:

குஞ்சுக்கு முதல் ஆறு வாரம் 20, 21% புரதம். 1 கிலோவுக்கு: சன்னமாக உடைத்த மக்காச்சோளம் 550 கிராம், கடலைப் புண்ணாக்கு 180, கருவாட்டுத் தூள் 80, எள்ளுப் புண்ணாக்கு 80, தவிடு 80, முருங்கை இலைத் தூள் 30. கிளிஞ்சல் தட்டுக்குக் குஞ்சு எட்டக் கூடாது. குஞ்சு விரல்களை உள்ளே மடக்கிக் கணுக்காலில் நடந்தால் அது வைட்டமின் பி2 குறை. மோர் கலந்து பிசறிக் கொடுங்கள், பொடியாக நறுக்கிய கீரை போடுங்கள், தொடக்கத்திலேயே செய்தால் தேறும். காலையில் அரை மணி நேரமாவது வெயிலில் விடுங்கள், வைட்டமின் டி மூட்டையில் வராத வீட்டில் அது வெயிலில்தான் வர வேண்டும்.

பூசணம் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் காரணம் அவை தின்ற கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூசணம் என்று தெரிந்தது. அந்தப் பூசண நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான். வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. பூசணம் கண்ணுக்குத் தெரியாமலும் நஞ்சு இருக்கலாம் என்பதால், ஒரு மாதத்துக்கு மேல் ஆகாத புண்ணாக்காக, அதையும் வில்லையாக வாங்குங்கள். தூளாக வாங்கினால் உள்ளே என்ன இருந்ததென்று தெரியாது. வில்லையை உடைத்தால் உட்புறம் ஒரே நிறமாக, எண்ணெய் மணத்தோடு இருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ திட்டு, மண்வாடை, உடைத்ததும் தூசி கிளம்புதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். மிச்சத்தை ஆட்டுக்குப் போடலாம் என்றும் நினைக்காதீர்கள், பாலில் இறங்கும்.

தானியம் காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி: உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம், இரண்டு மூன்று தேக்கரண்டி உலர்ந்த உப்பு போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், மறுபடி காயவைக்க வேண்டும். ஒட்டாமல் உதிர்ந்தால் மூட்டை கட்டலாம். மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் கட்டை மேல் அடுக்குங்கள். தவிட்டை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள். அதிலுள்ள எண்ணெய் ஓரிரு வாரத்தில் காறிவிடும். வாயில் போட்டுப் பார்த்தால் கசப்புத் தெரியும்.

---

தழைக்கட்டு எழுதியது:

கோடையைப் பற்றிக் கேட்டது விட்டுப்போயிற்று. ஆறு ஆட்டுக்கு நாளைக்கு 6.6 கிலோ உலர் பொருள், 90 நாளுக்கு 600 கிலோ. பாதியை மரத்தழையும் மேய்ச்சலும் தந்தால் 300 கிலோ சேமிப்பு வேண்டும். நிலக்கடலைக் கொடி என்றால் 340 கிலோ. 10 முதல் 12% புரதம், இலை உதிராமல் காய்ந்திருந்தால் இதைவிட நல்ல உலர் தீவனம் கிடையாது. அதை முதலில் சேருங்கள்.

காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைக்கும் ஊறுகாய்ப்புல் அதற்கு அடுத்தது. 200 லிட்டர் பீப்பாயில் 110, 120 கிலோ இறங்கும். உலர் எடையில் 35 கிலோதான், உங்கள் ஆட்டுக்குப் பாதித் தீவனமாகப் பத்து நாள். பூத்த சோளமோ மக்காச்சோளமோ ஒட்டுப்புல்லோ, அரை நாள் வாடவிட்டு 2, 3 செ.மீ. துண்டாக நறுக்குங்கள். ஒரு கைப்பிடியை அரை நிமிடம் இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டை மெல்லப் பிரிந்து, கை ஈரமாகி, சொட்டாமல் இருந்தால் பதம். சட்டென உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, சாறு ஒழுகினால் இன்னும் வாட வேண்டும். ஒட்டுப்புல்லில் சர்க்கரை குறைவு என்பதால் 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லப்பாகு கரைத்துத் தெளியுங்கள். மரத்தழை கலப்பதென்றால் மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், தழை மட்டும் போட்டால் அழுகும்.

ஒரு சாண் போட்டு ஏறி மிதிக்க வேண்டும், ஓரத்தைத்தான் அதிகம் மிதிக்க வேண்டும், காற்று தங்குவது அங்கேதான். கழுத்து வரை நிரப்பி, பாலித்தீன் விரித்து, மேலே எடை வைத்து மூடி இறுக்குங்கள். 45 நாள் திறக்காதீர்கள். திறந்ததும் மஞ்சள் கலந்த பச்சை நிறமும் பழப்புளிப்பு மணமும் இருந்தால் சரி. மேல் ஒரு சாண் பூசணம் பிடித்திருந்தால் அதை ஆட்டுக்குக் காட்டாமல் உரக்குழியில் போடுங்கள். கெட்டதைத் தின்ற ஆட்டுக்கு லிஸ்டீரியா என்ற கிருமி மூளைக்கு ஏறி, தலை ஒரு பக்கம் சாய்ந்து வட்டமிட்டே சுற்றும். திறந்த பீப்பாயை 10 நாளுக்குள் முடித்துவிட வேண்டும், உங்களுக்கு ஒரு பீப்பாய் சரியாக அத்தனை நாள்தான் வரும். சினை ஆட்டுக்கு மட்டும் கொடிதான் கொடுங்கள், ஊறுகாய்ப்புல் வேண்டாம்.

கொடிக்கு மாறும்போதும், மழைக்குப் பின் இளம்புல்லுக்குத் திரும்பும்போதும் 10, 14 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிந்தைய முதல் புல்லில்தான் துள்ளுமாரி என்ற குடல்நஞ்சு நோய் வரும், அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பனி ஈரத்தோடு பயறுக்கொடி மேய்ந்து இடது வயிறு பறை மாதிரி உப்பினால் 100 மில்லி சமையல் எண்ணெயை மெல்லப் புகட்டி நடக்க வையுங்கள். தலையை மேலே தூக்கிப் பிடித்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.